தருமபுரி – ஓசூர்: கார் நேவிகேஷன் கிருஷ்ணகிரி வழி, போன் ராயக்கோட்டை வழி. எது எப்படிக் கணக்குப் போடுகிறது?

நல்லம்பள்ளி லோடு:

வணக்கம் சார். தருமபுரியிலிருந்து ஓசூர், பெங்களூர் பக்கம் தக்காளியும் மாங்காயும் ஏற்றிப் போகும் இரண்டு கேன்டர் லாரி இருக்கு, வாடகைக்கு ஒரு காரும் ஓடுது. டிரைவர்கள் மேப் பார்த்துத்தான் போறாங்க. நாலு விஷயம் புரியலை.

ஓசூருக்குப் போட்டால் காரோடு வந்த நேவிகேஷன் எப்பவும் என்.எச். 44-ஐப் பிடித்துக் கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாத்தான் காட்டுது. போன் அப்படி இல்லை. காலையில் பாலக்கோடு – ராயக்கோட்டை வழி, சாயந்திரம் கிருஷ்ணகிரி வழி. இடம் மாறலை, வழி மட்டும் மாறுது.

இரண்டாவது, கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்கு மேல போகும்போது, கீழே சர்வீஸ் ரோட்டில் இருக்கிறதா நினைச்சு "இடதுபுறம் திரும்பு, யூ-டர்ன் எடு"ன்னு சொல்லுது.

மூணாவது, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போனால் காட்டுற நேரத்துக்கும் ஆகுற நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நாலாவது கேன்டருக்கு. லோடு உயரத்தைப் பார்க்காம ரயில்வே சுரங்கப்பாதை வழியா அனுப்புது. இதுக்கெல்லாம் செட்டிங் இருக்கா, இல்லை மேப்பே அப்படித்தானா?

---

கோடும்புள்ளியும்:

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் பாதி புரிந்த மாதிரி. அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் திரையில் பார்ப்பது படம். வழி தேடும் மென்பொருள் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி, இரண்டு சந்திப்புக்கு நடுவே உள்ள சாலைத்துண்டு ஒரு கோடு. கோட்டின் மேல் சில விவரங்கள் எழுதியிருக்கும்: நீளம், சாலையின் வகை, ஒருவழியா, எவ்வளவு வேகம், டோல் உண்டா, அதன் முடிவில் எந்தப் பக்கம் திரும்பக்கூடாது. இதிலிருந்து அந்தக் கோட்டைக் கடக்க எவ்வளவு 'செலவு' என்று ஒரு எண் வரும். பெரும்பாலும் அந்தச் செலவு வினாடிக் கணக்கு. டீசலும் இல்லை, தூரமும் இல்லை. புறப்படும் புள்ளியிலிருந்து சேரும் புள்ளி வரை எந்த வரிசையில் கோடுகளைக் கோத்தால் கூட்டுத்தொகை குறைவோ அதுதான் நீலக்கோடு.

இப்போது உங்கள் ஓசூர் கணக்கு. எண்களை வசதிக்காக உருட்டிக்கொள்கிறேன். கிருஷ்ணகிரி வழி 95 கி.மீ., சராசரி 70 கி.மீ. வேகம் என்றால் 81 நிமிடம். ராயக்கோட்டை வழி 82 கி.மீ., சராசரி 60 என்றால் 82 நிமிடம். வித்தியாசம் ஒரே நிமிடம்! டோல்கேட்டில் மூன்று நிமிட வரிசை நின்றால் ராயக்கோட்டை ஜெயிக்கும். ராயக்கோட்டை சந்தைப் பக்கம் லாரிகள் அடைத்தால் கிருஷ்ணகிரி ஜெயிக்கும். போன் மாற்றி மாற்றிச் சொல்வது குழப்பத்தால் அல்ல, இரண்டு வழியும் தராசில் சமமாக நிற்பதால்தான். அந்த நேரத்தில் சாலையில் நகரும் மற்ற போன்களின் வேகத்தை வைத்து ஒவ்வொரு கோட்டின் வினாடியும் திருத்தப்படுகிறது. இத்தனை நெருக்கமான இரண்டு வழிகளில் எது நீலமாக வருகிறது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லோடு, டோல் காசு, டிரைவருக்குப் பழக்கமான ரோடு, இவற்றைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

சரி, கார் யூனிட் ஏன் பிடிவாதமாக ஒரே வழி? இதற்குக் கணக்கு போடும் முறை தெரிய வேண்டும். நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்ட முறைதான் அடித்தளம். புறப்பட்ட புள்ளியிலிருந்து, குறைந்த செலவில் எட்டக்கூடிய அடுத்த புள்ளி எது, அதற்கடுத்தது எது என்று நாலாபக்கமும் விரிந்துகொண்டே போகும். விடை தப்பாது. ஆனால் ஓசூருக்குப் போக அரூரையும் மேட்டூரையும் கூடத் துழாவிவிட்டுத்தான் வரும். 1968-ல் வந்த ஏ-ஸ்டார் முறை, மீதமுள்ள தூரத்தைத் தோராயமாக மதிப்பிட்டு இலக்கின் பக்கம் இருக்கும் புள்ளிகளை முதலில் பார்க்கும். துழாவல் குறையும், அவ்வளவுதான். தருமபுரியிலிருந்து டெல்லிக்குக் கேட்டால் அதுவும் திணறும்.

காரில் வரும் பழைய யூனிட்களில் செயலியும் நினைவகமும் சின்னவை. அதற்காக ஒரு குறுக்குவழி வைத்தார்கள். சாலைகளை அடுக்குகளாகப் பிரிப்பது. புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் பக்கத்தில் மட்டும் எல்லாத் தெருவையும் பார்க்கும். நடுவில் உள்ள நீண்ட பகுதிக்கு மேல் அடுக்குச் சாலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். நான்கு வழிச்சாலையான என்.எச். 44 மேல் அடுக்கில் இருக்கும். உங்கள் யூனிட்டில் உள்ள வரைபடம் பழையதாக இருந்தால் பாலக்கோடு – ராயக்கோட்டை சாலை இன்னும் கீழ் அடுக்கிலேயே கிடக்கும். அது தேடலுக்குள்ளேயே வராது. அதனால்தான் எந்த நேரம் கேட்டாலும் ஒரே பதில். நெரிசல் தகவலும் அதற்கு இல்லை.

போனுக்குப் பதில் சொல்வது சர்வர். அங்கே முன்கணக்கு போட்டு வைக்கும் முறைகள் உண்டு. 2008-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான ஒன்று, முக்கியமில்லாத புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கி, அவற்றைத் தாண்டிப் போகும் சுருக்கக் கோடுகளை முன்பே போட்டுவைக்கும். அப்புறம் கேள்வி வரும்போது நாடு முழுக்க உள்ள தூரத்துக்கும் மில்லி வினாடிகளில் பதில். இதன் சிக்கல் என்ன? நெரிசலால் ஒரு கோட்டின் செலவு மாறினால், அதை உள்ளடக்கிய சுருக்கக் கோடுகளையும் திருத்த வேண்டும். அதற்காகவே சாலை அமைப்பைத் தனியாகவும் செலவைத் தனியாகவும் கையாளும் முறைகள் பிறகு வந்தன.

ஒரு வேண்டுகோள். வழி விசித்திரமாக வந்தால் கணக்கைத் திட்டுவதற்கு முன் அமைப்புகளைப் பாருங்கள். 'டோல் தவிர்', 'நெடுஞ்சாலை தவிர்' இரண்டில் ஒன்று எப்போதோ டிக் செய்தது அப்படியே இருக்கும். 'எரிபொருள் மிச்சமாகும் வழி' ஆன் ஆகியிருந்தால் நேரம் கொஞ்சம் கூடினாலும் மெதுவான வழி மேலே வரும். இன்னொன்று, மேலே இருக்கும் குறி காரா பைக்கா? கூகுள் மேப்ஸில் டூவீலர் முறை 2017 டிசம்பரில் நம் நாட்டில்தான் முதலில் வந்தது. அதில் இருந்தால் சந்துகளையும் வழியாகக் கணக்கில் சேர்க்கும். கேன்டர் சந்துக்குள் போய் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

---

ஸ்டீரியோ கடை, ரவுண்டானா பக்கம்:

இரண்டாவது கேள்விக்கு வர்றேன்ணா. அது வழி கணக்குப் பிரச்சினை இல்லை, வண்டி எங்கே நிக்குதுங்கிற பிரச்சினை.

ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது நாலு சாட்டிலைட் தெரியணும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம்னு மூணு அளவு, நாலாவது போனோட கடிகாரப் பிழையைச் சரி பண்ண. வானம் நல்லா திறந்திருந்தா போன்ல பிழை 5 மீட்டர் ஆரத்துக்குள்ள இருக்கும். மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியே சில இடத்துல அவ்வளவுதான். உயரத்துல பிழை இதைவிட ஜாஸ்தி. அதனால மேம்பாலத்து மேலயா கீழயான்னு உயரத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது.

அப்புறம் எப்படி முடிவு பண்ணுது? ஒரு புள்ளியை மட்டும் பார்த்து "பக்கத்துல இருக்குற ரோடு இதுதான்"னு ஒட்டினா அடிக்கடி தப்பும். அதனால கடைசியா வந்த பல புள்ளிகளை வரிசையா எடுத்து, இந்த ரோட்டுலிருந்து அந்த ரோட்டுக்குத் தாவியிருக்க முடியுமா, நடுவுல வழி இருக்கா, அந்தத் தூரம் ஓடுன தூரத்தோட பொருந்துதான்னு பார்க்கும். 2009-ல மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நியூசன், க்ரம் ரெண்டு பேரும் எழுதின முறை இதுக்குப் பிரபலம். குறுக்கு ரோடுன்னா இது பிரமாதமா வேலை செய்யும். ஒரே திசையில பக்கத்துலயே ஓடுற சர்வீஸ் ரோடுன்னா, ரெண்டும் பொருந்தும். ஏறுற ராம்ப்ல எடுத்த முடிவு தப்பினா, அடுத்த சந்திப்பு வரை தப்பாவே போகும்.

காரோட வந்த யூனிட் இங்க கெட்டி. அதுக்குச் சக்கரத்துலிருந்து வேகப் பல்ஸ் வருது, உள்ள கைரோ இருக்கு. சிக்னல் போனாலும் எவ்வளவு தூரம் ஓடுச்சு, எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு கணக்கு வெச்சுக்கும். கடையில மாட்டுற ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்குப் பொதுவா இந்த இணைப்பு கிடையாது. அதுல தெரியுறது முழுக்க அந்தச் சின்ன கறுப்பு ஆன்டனா சொல்றதுதான்.

அந்த ஆன்டனாவை எங்க வைக்கிறாங்கங்கிறதுலதான் பாதிப் பிரச்சினை. ஸ்டீரியோவுக்குப் பின்னாடி ஒயரோட சுருட்டித் திணிச்சிருப்பாங்க. மேல மெட்டல் பிராக்கெட், பக்கத்துல ஏசி டக்ட். வெளிய எடுத்து, டேஷ்போர்டு மேல கண்ணாடிக்கு அடியில, காந்தப் பக்கம் கீழ இருக்குற மாதிரி ஒட்டுங்க. டேஷ்கேமுக்கும் அதுக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். மலிவான டேஷ்கேம், சிகரெட் லைட்டர் சார்ஜர் ரெண்டும் ஜிபிஎஸ் அலைவரிசையில இரைச்சல் போடும். சந்தேகமா இருந்தா டேஷ்கேமைப் பிடுங்கிட்டு, சாட்டிலைட் காட்டுற ஏதாவது ஒரு ஆப்ல சிக்னல் பலம் ஏறுதான்னு பாருங்க. முன் கண்ணாடியில உலோகப் பூச்சு இருக்குற வகை, உலோகச் சன் ஃபிலிம் இதுவும் சிக்னலைத் தின்னும்.

புதுப் போன் வாங்குறதா இருந்தா எல்1, எல்5 ரெண்டு அலைவரிசையும் எடுக்குறதா பாருங்க. கட்டடத்துலயும் பாறையிலயும் பட்டு எகிறி வர்ற சிக்னலை எல்5 நல்லா பிரிச்சுக்கும். நம்ம இஸ்ரோவோட நாவிக் சாட்டிலைட்டும் எல்5-ல அனுப்புது. 2023 மே 29-ல ஏவுன என்விஎஸ்-01 நாவிக் சாட்டிலைட்டுலிருந்து எல்1-ம் சேர்ந்திருக்கு.

மேம்பாலத்துல "இடதுபுறம் திரும்பு"ன்னா அதைக் கண்டுக்காம நேரா போகணும்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க. மெயின் ரோட்டுல இறங்கி நேரா ஓட ஆரம்பிச்சதும் அதுவே திருத்திக்கும்.

---

அஞ்செட்டி ரோடு:

மூன்றாவது கேள்வி. நேரடி வேகம் கிடைக்காத சாலையில் மென்பொருள் என்ன செய்யும் என்பதுதான் இங்கே விஷயம். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுக்குள் போனால் பல இடங்களில் போன் சிக்னல் இல்லை. வேகத்தை அனுப்ப போன்கள் இல்லை, வண்டிகளும் குறைவு. அப்போது சாலை வகைக்கு என்று முன்பே வைத்திருக்கும் வேகத்தை எடுத்துக்கொள்ளும்.

தனியார் நிறுவனங்கள் தங்கள் எண்களை வெளியே சொல்வதில்லை. திறந்த மூல மென்பொருளில் பார்க்கலாம். ஓஎஸ்ஆர்எம் என்பதில் காருக்கான இயல்பு வேகங்கள் இவை: டிரங்க் வகைச் சாலை (பெரிய நெடுஞ்சாலை) 85, முதல்நிலை 65, இரண்டாம் நிலை 55, மூன்றாம் நிலை 40, வகைப்படுத்தாத ஊர்ச்சாலையும் குடியிருப்புத் தெருவும் 25, உள்பாதை 15. எல்லாம் மணிக்குக் கி.மீ. சந்திப்பில் திரும்பினால் கோணத்தைப் பொறுத்து அதிகபட்சம் 7.5 வினாடி, யூ-டர்னுக்கு 20 வினாடி, சிக்னல் விளக்குக்கு 2 வினாடி கூட்டும்.

கவனியுங்கள், திருப்பத்துக்கான வினாடி சந்திப்பில்தான் சேர்கிறது. மலைப்பாதையில் சந்திப்பே இல்லை. இரண்டு ஊருக்கு நடுவே ஒரே கோடு, அதற்குள் எத்தனை கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது ஒரு நீளம், ஒரு வேகம். 10 கி.மீ. மலைத்துண்டு இரண்டாம் நிலை என்று பதிவாகியிருந்தால் 55 வேகத்தில் 11 நிமிடம் என்று வரும். லாரி எதிரே வந்தால் ஒதுங்கி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து 25-ல் ஏறினால் 24 நிமிடம். இரு மடங்குக்கு மேல். வத்தல்மலை, சித்தேரி எல்லாம் இதே கதைதான்.

ஏற்றம் இறக்கமும் கார் கணக்கில் பொதுவாக இல்லை. தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது லோடு வண்டி கீழ் கியரில் ஊர்ந்துதான் இறங்க வேண்டும். மேப் காட்டும் நிமிடம் கார்களும் சேர்ந்து ஓடிய சராசரி. அந்த நேரத்தைப் பிடிக்கப் பார்க்கும் டிரைவரிடம் அந்த இறக்கத்தில் திரையை அணைத்துவிடச் சொல்லலாம், தப்பில்லை.

காட்டுச்சாலைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வனத்துறை செக்போஸ்ட்டில் எத்தனை மணி வரை விடுவார்கள், மழைக்கு மூடியிருக்கிறார்களா என்பது மேப்பில் இருக்காது. இருந்தாலும் பெரும்பாலான ஆப்கள் நேர நிபந்தனையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புறப்படும் முன் தேன்கனிக்கோட்டையிலோ அஞ்செட்டியிலோ கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ராத்திரி யானை கடக்கும் இடம் எது என்றும் அங்கேயே சொல்வார்கள், அதை எந்த மேப்பும் சொல்லாது.

சிக்னல் இல்லாவிட்டால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஜிபிஎஸ் வானத்திலிருந்து வருவது. டவர் தேவையில்லை. டவர் உதவுவது ஆரம்பத்தில்தான். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது, அதை வாங்கவே தடையில்லாமல் 30 வினாடி ஆகும். நெட் இருந்தால் போன் அதைச் சட்டென்று இறக்கிக்கொள்ளும். இறக்கிய விவரம் சுமார் 4 மணி நேரம் செல்லும். ஆகவே காட்டுக்குள் போய் போனை ஆன் செய்யாமல், தேன்கனிக்கோட்டையிலேயே மேப்பைத் திறந்து நீலப்புள்ளி நிலையானதும் கிளம்புங்கள்.

முதல் நாளே வைஃபையில் ஓசூர் முதல் பென்னாகரம் வரை உள்ள பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். ஆஃப்லைனில் நெரிசல் தகவலும் மாற்று வழியும் கிடைக்காது. காட்டும் நிமிடம் முழுக்க இயல்பு வேகம்தான். மலைத்துண்டுக்கு மட்டும் கி.மீ.-ஐ 25-ஆல் வகுத்து மணிக்கணக்கை நீங்களே போடுங்கள், அது மேப்பைவிடக் கிட்ட வரும்.

---

உயரம் 3.6:

நாலாவதுக்கு நேரடி பதில்: கார் முறையில் போட்டால் உயரம் என்ற கேள்வியே எழாது. கூகுள் மேப்ஸில் லாரிக்கென்று தனி முறை இல்லை. அதில் செட்டிங் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வண்டி அளவைக் கேட்டு வழி சொல்லும் ஆப் வேண்டும். இலவசமாகக் கிடைப்பதில் ஓஸ்மாண்ட் சரியாக இருக்கும். அமைப்புகளில் டிரக் புரொஃபைலை ஆன் செய்து, நேவிகேஷன் அமைப்புக்குள் வாகன அளவுகள் என்ற இடத்தில் உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் உங்கள் வண்டிக்குப் போடுங்கள். எந்த ஆப் ஆனாலும் தானாக வரும் எண்ணை நம்பாதீர்கள். வால்ஹல்லா என்ற மென்பொருளில் லாரிக்கு இயல்பாக உயரம் 4.11 மீட்டர், நீளம் 21.64 மீட்டர், எடை 21.77 டன். அமெரிக்க டிரெய்லர் லாரியின் அளவு அது. கேன்டருக்கு அதை வைத்து வழி கேட்டால், போகக்கூடிய ரோட்டையே மறைத்துவிடும்.

உயரத்தை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்து எழுதினால் போதாது. கிரேடு (தக்காளிப் பெட்டி) அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டிய பிறகு தரையிலிருந்து மேல் முடிச்சு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்பிரிங் பட்டை எழும்பி பாடி கொஞ்சம் உயர்ந்து நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். காலி கிரேடை அதே உயரத்துக்கு அடுக்கி வந்தால் போகும்போது நுழைந்த இடத்தில் வரும்போது தட்டும். அளந்ததற்கு மேல் 15 செ.மீ. சேர்த்து ஆப்பில் போடுங்கள்.

இவ்வளவு செய்தும் தப்பலாம். வரைபடத்தில் அந்தப் பாலத்தின் உயரம் எழுதப்படவில்லை என்றால், மென்பொருள் "தடை இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும். "தெரியவில்லை" என்று ஒரு பதிலே அதற்குக் கிடையாது. சேலம் – தருமபுரி – ஓசூர் ரயில் பாதை பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான் போகிறது. ஊர்ச்சாலைகள் அதை அங்கங்கே அடியில் கடக்கின்றன. எல்லாவற்றுக்கும் உயரம் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீங்களே ஏற்றலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது, ஓஸ்மாண்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது. பாலத்தில் உள்ள போர்டில் எழுதிய உயரத்தை மீட்டரில், மேக்ஸ்ஹைட் (maxheight) என்ற குறிச்சொல்லில் போட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் ரயில் பாலத்தின் மேல் இதை எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ரயிலுக்கு உயரத்தடை போட்ட மாதிரி, லாரிக்குப் பயனில்லை. அடியில் போகும் சாலையைப் பாலத்துக்கு இரு பக்கமும் வெட்டி, நடுவில் உள்ள சின்னத் துண்டுக்கு மட்டும் எழுதுங்கள். மொத்தச் சாலைக்கும் எழுதினால் அந்த ஊருக்கே லாரி போகாது. திருத்தியது ஆப்பில் தெரிய, அதன் ஆஃப்லைன் வரைபடத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

போர்டில் உள்ள எண்ணும் வேதவாக்கு இல்லை. அதற்குப் பிறகு அடியில் இரண்டு முறை தார் போட்டிருந்தால் இடைவெளி குறைந்திருக்கும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம்.

தண்ணீர் என்றதும் ஒன்று. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நீர் திறந்தால் தென்பெண்ணைக் கரையில் தாழ்வான தரைப்பாலங்கள் மூழ்கும். மேப் அதே வழியைக் காட்டிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் அடித்துப்போய் பாதி நின்ற பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் இல்லை என்ற தகவல் வரைபடத்தில் ஏறாமலே இருந்தது. எதிர்த்திசையிலிருந்து வண்டியே வராத ரோடு, டயர் தடம் இல்லாத மண், குறுக்கே கிடக்கும் கல் இதில் எதைப் பார்த்தாலும் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

நல்லம்பள்ளி லோடு:

ரொம்ப நன்றி சார் எல்லாருக்கும். டோல் தவிர் டிக் ஆகியிருந்துச்சு, எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். கிருஷ்ணகிரி வழியாவே போகணும்னு நடுவுல காவேரிப்பட்டணம்னு ஒரு ஸ்டாப் சேர்த்தா, பைபாஸை விட்டு ஊருக்குள்ள இறங்கச் சொல்லுது. அப்புறம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு போட்டா, கேட் இல்லாத பின்பக்கச் சுவர்ல கொண்டுபோய் விடுது.

---

கோடும்புள்ளியும்:

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் கொடுப்பது பெயர், மென்பொருளுக்கு வேண்டியது ஒரு கோட்டின் மேல் ஒரு புள்ளி. 'காவேரிப்பட்டணம்' என்றால் ஊரின் நடுவில் ஒரு புள்ளி. அங்கே போய்த் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும், அதன் பார்வையில் அது சரி.

ஊர்ப்பெயரைப் போடாதீர்கள். மேப்பை நன்றாகப் பெரிதாக்குங்கள், நெடுஞ்சாலை இரண்டு தனிக்கோடாகத் தெரியும் வரை. சந்திப்பு, ராம்ப், சர்வீஸ் ரோடு எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு நேர்த்துண்டைப் பிடித்து, நீங்கள் போகும் பக்கத்துக் கோட்டின் மேல் அழுத்திப் பிடித்துப் புள்ளி வையுங்கள். வடக்கு மேலே இருக்கும் படத்தில், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போக இடப்பக்கக் கோடு. வலப்பக்கத்தில் வைத்தால் தாண்டிப் போய் யூ-டர்ன் அடித்து வந்து, திரும்ப இன்னொரு யூ-டர்ன் அடிக்கச் சொல்லும். அந்த இடத்தைத் தாண்டியதும் "வந்து சேர்ந்தீர்கள்" என்று நின்றால் 'தொடர்க' அழுத்த வேண்டும், டிரைவரிடம் சொல்லி வையுங்கள். ஒரு வழிக்கு ஒரு இடைப்புள்ளி போதும். நாலு வைத்தால் ஒன்று கட்டாயம் தப்பான பக்கத்தில் விழும்.

ஃபேக்டரி விஷயத்தில், பெரிய வளாகங்களுக்கு வரைபடத்தில் புள்ளி நடுவில் இருக்கும். அங்கிருந்து நேர்க்கோட்டில் எந்தச் சாலை கிட்டவோ அதில் ஒட்டிவிடும். சுவர் இருக்கிறதா, நடுவில் ரயில் பாதை போகிறதா என்று பார்க்காது. பர்கூர் சிப்காட் மாதிரி நாலு பக்கமும் ரோடு உள்ள இடத்தில் இது வாடிக்கை. லாரி கேட்டின் முன்னால், ரோட்டின் மேல் புள்ளி வைத்து அதன் எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) சேமித்து டிரைவருக்கு அனுப்புங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் சுமார் ஒரு மீட்டர் துல்லியம். நான்கு என்றால் 11 மீட்டர், அதுவும் கேட்டுக்குப் போதும். மூன்று என்றால் 110 மீட்டர், பக்கத்து ஃபேக்டரிக்குப் போய்விடும். கையால் தட்டச்சு செய்தால் வரிசை முக்கியம்: நம் மாவட்டங்களில் முதல் எண் பெரும்பாலும் 12-ல் (தெற்கு ஓரத்தில் 11-ல்) தொடங்கும், இரண்டாவது 77 அல்லது 78. மாற்றிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் பக்கத்துக் கடலில் விழும். அப்படி விழுந்தால் வழி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும், பரவாயில்லை. கடைசி இலக்கங்களில் வரும் தட்டச்சுப் பிழைதான் ஆபத்து, அது வழியைக் காட்டிவிடும். அதனால் எண்ணைச் சொல்லி எழுத வைக்காமல் லிங்காகவே பகிருங்கள்.

அதே கேட்டை மேப்பில் 'விடுபட்ட இடம் சேர்' மூலம் தனி இடமாகப் பதிவு செய்தால் அடுத்த லாரிக்காரர்களுக்கும் உதவும். பெயரில் "லோடு கேட்" என்று சேர்த்துவிடுங்கள், தேடும்போது ஆபீஸ் வாசலோடு குழம்பாது.